அத்தை அளந்த இடுப்பு

“பெண் லட்சணமாக இருக்கிறாள். பாட்டு நன்றாகப் பாடுகிறாள். பேச்சிலும் அடக்கம். ஆனால்...” என்று இழுத்தாள் அத்தை.

“ஆனால் என்ன?” என்றார் அப்பா.

“இடுப்பைப் பார்த்தாயா? ஒரு பிடிக்குள் அடங்கிவிடும். நாளைக்கு ஒரு பிள்ளையைப் பெற்றெடுக்க அவளால் ஆகுமா?”

என் அண்ணனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்த சம்பாஷணை இது. அண்ணன் பிடிவாதக்காரன். கல்யாணம் நடந்துவிட்டது. ஆனால் அத்தையின் சொல் எப்படியோ அண்ணியின் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்து அண்ணி கர்ப்பமானபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அண்ணி மட்டும் இரவில் தூங்கவில்லை. “எனக்கு இடுப்பே இல்லையாமே! என்ன ஆகுமோ?” என்று என்னிடம் ரகசியமாகச் சொல்லிக் கண் கலங்கினாள்.

பத்திரிகையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தெரியாத விஷயத்தைத் தெரிந்துகொள்ள யார் வீட்டுக் கதவையும் தட்டலாம். நான் தட்டியது ஒரு வைத்தியக் கல்லூரியின் கதவை. அங்கே பார்த்ததையும், பிறகு புத்தகங்களில் படித்ததையும்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் இடுப்புக்கு உள்ள உத்தியோகம் கொஞ்சநஞ்சமல்ல. குடம் இடுப்பில், குழந்தை இடுப்பில், சாவிக்கொத்து இடுப்பில். வேலை மிஞ்சினால் ஒடிவதும் இடுப்புத்தான். பிரசவ வேதனைக்கே நாம் ‘இடுப்பு வலி’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். இத்தனை வேலை வாங்குகிறோமே தவிர, அது எப்படி இருக்கிறது என்று நாம் ஒரு நாளாவது விசாரித்ததுண்டா?

பெயரில்லாத எலும்பு

கல்லூரியின் உடற்கூறு சாலையில் மேஜைமேல் ஓர் இடுப்புக்கூட்டை எடுத்து வைத்தார்கள். எனக்கு முதலில் தோன்றியது, ‘அடி கழன்றுபோன வெண்கல உருளி மாதிரி இருக்கிறதே!’ என்பதுதான். என் கற்பனை அப்படியொன்றும் மோசமில்லை. ‘பெல்விஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கே வட்டில் என்றுதான் அர்த்தமாம். மேலே அகன்ற விளிம்பு, கீழே அடியில்லை. உயிரோடு இருக்கும் உடம்பில் அந்த அடியைத் தசைகள் தொட்டில் துணிபோலத் தாங்கி நிற்கின்றன.

இந்த வட்டிலில் இருப்பவை நான்கு எலும்புகள். இரண்டு பக்கமும் ஒவ்வோர் இடுப்பெலும்பு. பின்னால் நடுவே, முதுகெலும்பின் தொடர்ச்சியாகத் திருவெலும்பு. ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றாக ஒட்டி ஆனது அது. அதன் நுனியில் வாலெலும்பு. ஐரோப்பிய வைத்தியர்களும் திருவெலும்பைப் ‘புனித எலும்பு’ என்றே அழைத்தார்கள். வாலெலும்புக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர் குயில்! அதன் வளைவு குயிலின் அலகைப் போல் இருக்கிறதாம்.

பக்கத்து எலும்புக்கு மட்டும் பழைய காலத்து வைத்தியர்களுக்கு ஓர் உவமையும் அகப்படவில்லை. அதன் உருவம் எதைப் போலவும் இல்லை. கடைசியில் ‘பெயரில்லாத எலும்பு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்! பிறக்கும்போது இது ஒரே எலும்பு அல்ல, மூன்று. மேலே விசிறிபோல் விரிந்திருப்பது இலியம். கீழே நாம் உட்காருவது இஸ்கியம். முன்னால் வருவது பியூபிஸ். தொடை எலும்பின் பந்து வந்து பொருந்தும் கிண்ணத்தில் மூன்றும் சந்திக்கின்றன. அந்தக் கிண்ணத்துக்குப் பெயர் ‘காடிக் கிண்ணம்’. ரோமாபுரிக்காரர்கள் சாப்பாட்டு மேஜையில் காடி வைத்த சிறு கிண்ணத்தைப் போல் இருந்ததாம். மூன்று எலும்புகளுக்கும் நடுவே குழந்தைப் பருவத்தில் குருத்தெலும்புதான் இருக்கும். பதினான்கு, பதினாறு வயதை ஒட்டித்தான் அங்கே எலும்பு கூடுகிறது. இந்த வயசுக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

கையை இடுப்பில் வையுங்கள்

இப்போது பத்திரிகையை ஒரு நிமிஷம் கீழே வைத்துவிட்டு எழுந்து நில்லுங்கள். சண்டைக்குப் போகிறவர்களைப் போல் இரு கைகளையும் இடுப்பில் வையுங்கள். கைக்கு அடியில் கெட்டியாக ஒரு விளிம்பு தட்டுப்படுகிறதா? அதுதான் இலியத்தின் மேல்விளிம்பு. தண்ணீர்க் குடமும் குழந்தையும் உட்காரும் அலமாரி அதுவே.

அந்த விளிம்போடு விரலை முன்பக்கமாக ஓட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் விளிம்பு சட்டென்று முடிந்து ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். வைத்தியர்கள் அடிவயிற்றை அளப்பதற்கு இந்த முனையைத்தான் மைல்கல்லாக வைத்துக்கொள்கிறார்கள். வலப்பக்க முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு கிழித்து, முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அழுத்திப் பார்ப்பார்கள். அங்கே சுருக்கென்று வலித்தால் குடல்வால் அழற்சியோ என்று சந்தேகம் வரும். நியூயார்க் சர்ஜன் சார்லஸ் மக்பர்னி 1889-ல் எழுதி வைத்த அடையாளம் அது. ஸ்கேன் வந்துவிட்ட இந்தக் காலத்திலும் டாக்டரின் விரல் முதலில் அங்கேதான் போகிறது.

அடுத்து, முதுகுப் பக்கம். இடுப்புக்குச் சற்றுக் கீழே, நடுக்கோட்டுக்கு இரு புறமும் கன்னக்குழிபோல் இரண்டு குழிகள் பலருக்கு உண்டு. அந்தக் குழிகளுக்கு அடியில் இலியத்தின் பின்முனைகள் இருக்கின்றன.

இனி மணையிலோ ஊஞ்சல் பலகையிலோ நிமிர்ந்து உட்காருங்கள். மெத்தை உதவாது. அடியில் இரண்டு கட்டைகள் பலகையில் உறுத்துவது தெரியும். அவை இஸ்கியத்தின் புடைப்புகள். நிமிர்ந்து உட்காரும்போது மேலுடம்பின் பாரம் முழுவதும் அவற்றின்மேல்தான் இறங்குகிறது. பின்னால் சரிந்து உட்கார்ந்தால் பாரம் வாலெலும்புப் பக்கம் போகும். மாடிப்படியில் வழுக்கி விழுந்தவர்களுக்கு மாதக்கணக்கில் உட்கார முடியாமல் வலிப்பது இந்த வாலெலும்புதான்.

கடைசியாக, அடிவயிற்றின் கீழே நட்டநடுவில் ஓர் எலும்பு தட்டுப்படும். இரண்டு பியூபிஸ் எலும்புகளும் கைகோத்துக்கொள்ளும் இடம் அது. நடுவே குருத்தெலும்பு மெத்தை ஒன்று உண்டு. கர்ப்ப காலத்தில் ஊறும் சுரப்பு நீர்களால் இந்தப் பிணைப்பு இளகுகிறது. ஓரிரண்டு மில்லிமீட்டர் விலகவும் செய்கிறது. எட்டாம் மாதத்தில் மாடி ஏறும்போதும் படுக்கையில் புரளும்போதும் அங்கே வலிக்கிறது என்று சொல்லும் பெண்ணை, “சும்மா நடிக்கிறாள்” என்று சொல்லாதீர்கள். எலும்பே சாட்சி சொல்லும்.

குழந்தையை இடுப்பில் வைப்பதைச் சொன்னேன் அல்லவா? அதில் குழந்தைக்கும் ஒரு லாபம் உண்டு. கால்களை அகட்டி உட்காருவதால் தொடை எலும்பின் பந்து காடிக் கிண்ணத்துக்குள் நன்றாகப் பதிகிறது. பச்சைக் குழந்தையின் கால்களை நீட்டி இறுக்கிச் சுற்றிவைத்தால் பந்து கிண்ணத்தைவிட்டு நழுவ இடமுண்டு. ஜப்பானில் 1975-ல் தாய்மாரிடம் இதைப் பிரசாரம் செய்து, கால்களை நீட்டிக் கட்டும் வழக்கத்தை மாற்றினார்கள். இடுப்பு நழுவிய குழந்தைகளின் எண்ணிக்கை மளமளவென்று இறங்கிவிட்டது. நம் வீட்டுப் பாட்டிமார் பிரசாரம் இல்லாமலே செய்துவந்த காரியம்!

முதுகில் போட்ட ஊசி

“சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டார்கள், அன்றிலிருந்து இடுப்பு வலி போகவே இல்லை” என்று சொல்லாத குடும்பம் உண்டா? இந்த ஊசிக்கும் நீங்கள் இப்போது தொட்ட மேல்விளிம்புக்கும் சம்பந்தம் உண்டு. இரு பக்க விளிம்புகளின் உச்சியையும் சேர்த்து முதுகில் ஒரு கோடு இழுத்தால், அது இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளில் நான்காவதை ஒட்டிப் போகும். மயக்க மருந்து டாக்டர் உங்களைக் குனியச் சொல்லிக் கையால் தடவிப் பார்ப்பது இந்தக் கோட்டைத்தான். பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதலாவது, இரண்டாவது முள்ளெலும்பு உயரத்திலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே கோட்டை ஒட்டிப் போடும் ஊசி தண்டுவடத்தைத் தொடுவதில்லை.

ஜெர்மனியில் கீல் நகரத்தில் 1898-ல் ஆகஸ்ட் பியர் என்ற சர்ஜன் இந்த முறையைத் தொடங்கி வைத்தார். தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு பல நாள் தலைவலியும் பட்டார்! ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். ஆனால் வருஷக்கணக்கான முதுகுவலிக்கு ஊசி காரணமில்லை என்றே ஆராய்ச்சிகள் சொல்கின்றன. இளகிய மூட்டுகள், தளர்ந்த வயிற்றுத் தசைகள், குனிந்து பால் கொடுப்பது, குழந்தையைத் தூக்கிக்கொண்டே வீட்டு வேலை செய்வது—குற்றவாளிகள் இவையே. ஊசியைத் திட்டுவதை விட்டு, முதுகுக்கு ஒரு தலையணையையும், தசைகளுக்குத் தக்க தேகப் பயிற்சியையும் கொடுத்துப் பாருங்கள்.

பீரோவும் மாடிப்படியும்

இனி அண்ணியின் கேள்விக்கு வருவோம். குழந்தை எந்த வழியாக வருகிறது?

விரிந்திருக்கும் மேல்விளிம்புக்கும் பிரசவத்துக்கும் நேரடியாக ஒரு சம்பந்தமும் இல்லை. விளிம்புக்குக் கீழே, உள்ளே மறைந்திருக்கும் எலும்பு வளையம்தான் குழந்தையின் வழி. அதன் மேல்வாசல் பக்கவாட்டில் சுமார் 13 சென்டிமீட்டர், முன்பின்னாகச் சுமார் 11. கீழ்வாசலிலோ கணக்கு தலைகீழ்: பக்கவாட்டில் 11, முன்பின்னாக 13. குழந்தையின் தலையோ முன்பின்னாக நீண்டது. என்ன செய்வது?

பெரிய பீரோவை மாடிக்கு ஏற்றியிருக்கிறீர்களா? வாசலில் ஒரு பக்கமாகச் சாய்த்து நுழைத்து, திருப்பத்தில் திருப்பி, மேலே வேறு பக்கமாக இறக்குவார்கள் அல்லவா? அதையேதான் குழந்தை செய்கிறது. மேல்வாசலில் முகத்தைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நுழைகிறது. தாடையை மார்போடு சேர்த்துத் தலையைக் குனிந்துகொள்கிறது. அப்படிக் குனிந்தால் முன்னே வரும் அளவு சுமார் ஒன்பதரை சென்டிமீட்டர்தான். இறங்கும்போது கால் வட்டம் திரும்பி, அம்மாவின் முதுகைப் பார்த்தபடி வெளியே வருகிறது. வழியும் நேரானதல்ல, திருவெலும்பின் குழிவை ஒட்டி வளைந்து முன்பக்கமாகப் போகிறது. பீரோவைத் தூக்க நாலு ஆள் வேண்டும். இந்தக் காரியத்தைக் குழந்தையும் அம்மாவும் இரண்டே பேராகச் செய்துவிடுகிறார்கள்.

வழியில் மிகக் குறுகிய இடம் ஒன்று உண்டு. இஸ்கியத்திலிருந்து இரு பக்கமும் உள்நோக்கி நீட்டும் இரண்டு முட்கள். இடைவெளி சுமார் 10 சென்டிமீட்டர். பிரசவ அறையில் டாக்டர் விரலால் தேடுவது இந்த முட்களை. தலை அவற்றின் மட்டத்துக்கு வந்துவிட்டால் ‘பூஜ்யம்’ என்று குறிப்பார்கள். மேலே இருந்தால் கழித்தல் கணக்கு. கீழே வந்தால் கூட்டல் கணக்கு. வாழ்க்கையில் பூஜ்யம் வாங்கினால் சந்தோஷப்படும் இடம் இது ஒன்றுதான்!

எலும்பு அளவுகளை மட்டும் பார்த்தால் அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர்தான் மிச்சம். ஆனால் இரு தரப்பும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கின்றன. குழந்தையின் மண்டை எலும்புகள் இன்னும் ஒட்டாதவை. ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தலை சற்றுச் சிறுக்கும். அம்மாவின் மூட்டுகளும் இளகியிருக்கின்றன. குந்தி உட்காரும்போது கீழ்வாசல் இன்னும் சற்று அகலும். கருவியால் அளக்க முடியாதது இந்த விட்டுக்கொடுத்தல்.

ஆண்களின் இடுப்புக்கூடு இப்படி இல்லை. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அகட்டிப் பாருங்கள். ஆணின் பியூபிஸ் எலும்புகளுக்குக் கீழே உள்ள கோணம் ஏறக்குறைய அவ்வளவு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகட்டுங்கள்; அது பெண்ணின் கோணம். அடையாளம் தெரியாத எலும்புக்கூடு அகப்பட்டால், ஆணா பெண்ணா என்று நிபுணர்கள் முதலில் கேட்பது இடுப்புக்கூட்டைத்தான்.

பாரிஸிலும் ஓர் அத்தை

எங்கள் அத்தையைப் பரிகசிக்க வேண்டாம். அவளுக்கு ஐரோப்பாவில் பெரிய மனிதர்கள் துணை இருந்தார்கள்.

பிரசவ நேரத்தில் இடுப்பெலும்புகள் கதவுபோல் பிரிந்து வழி விடும் என்று வெகு காலம் நம்பியிருந்தார்கள். ஹாலந்து தேசத்து வைத்தியர் ஹென்ட்ரிக் வான் டெவென்டர் 1701-ல் வெளியிட்ட நூலில்தான் இடுப்புக்கூட்டைப் பிரசவப் பாதை என்ற முறையில் சரியாக விவரித்தார். லண்டனில் வில்லியம் ஸ்மெல்லி 1752-ல் வெளியிட்ட நூல், விரலால் உள்ளேயே அளந்து பார்க்கும் வழியைப் பரப்பியது. பிறகு வந்த பாரிஸ் நகரத்து பொதலோக், பெரிய இடுக்கி போன்ற ஒரு கருவியைச் செய்தார். இடுப்பை வெளியே முன்னும் பின்னுமாக அளந்து, சதைக்கும் எலும்புக்கும் ஓர் அளவைக் கழித்து, உள்வாசல் இவ்வளவு என்று கணக்குச் சொன்னார். நம் அத்தைமார் கண்ணால் செய்ததை அவர் கருவியால் செய்தார். வெளி அளவை வைத்து உள்ளளவைச் சொல்ல முடியாது என்பது காலப்போக்கில் தெரிந்தது. இடுக்கியும் பெட்டிக்குள் போய்விட்டது.

குறுகிய இடுப்பைப் பற்றிப் பொறுமையாக அளந்து ஆராய்ந்தவர் கீல் நகரத்துப் பேராசிரியர் மிகேலிஸ். முதுகுக் குழிகள் இரண்டையும் பக்க மூலைகளாகக் கொண்ட சாய்சதுரம் இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவருடைய முடிவு துயரமானது. டாக்டர்களின் கழுவாத கைகளே பிரசவ ஜுரத்தைப் பரப்புகின்றன என்று வியன்னாவில் செம்மெல்வெய்ஸ் 1847-ல் கண்டறிந்தார். செய்தி வந்ததும் மிகேலிஸ் தம் ஆஸ்பத்திரியில் கை கழுவும் விதியைக் கொண்டுவந்தார். ஆனால் தாம் பிரசவம் பார்த்த சொந்த உறவுக்காரப் பெண் முன்பு அதே ஜுரத்தால் இறந்தது, தம் கையால்தானோ என்ற எண்ணம் அவரை வாட்டியது. 1848-ல் ரயிலின் முன் விழுந்து உயிரைவிட்டார். அவர் எழுதிய நூல் 1851-ல்தான் வெளிவந்தது. இடுப்பின் அளவைவிடக் கையின் சுத்தம் எத்தனை தாய்மாரைக் காப்பாற்றும் என்பதை அவர் வாழ்க்கை சொல்கிறது.

பிறகு எக்ஸ்-ரே வந்தது. 1933-ல் கால்டுவெல், மலாய் என்ற இரு அமெரிக்க டாக்டர்கள் பெண்களின் இடுப்பை நான்கு வடிவங்களாகப் பிரித்தார்கள். பெரும்பாலான பெண்கள் எந்த ஒரு வடிவத்திலும் முழுசாக அடங்குவதில்லை என்பதைப் பின்னால் வந்த ஆராய்ச்சிகள் காட்டின. 1950-களில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற ஆங்கில டாக்டரம்மா, கர்ப்பத்தில் எக்ஸ்-ரே பட்ட குழந்தைகளுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டுபிடித்துச் சொன்னார். அளப்பதற்காகப் படம் எடுக்கும் வழக்கம் மெல்ல மறைந்தது. ஆரோக்கியமான கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இடுப்பை வழக்கமாக அளந்து பார்க்க வேண்டியதில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனமும் 2018-ல் சொல்லிவிட்டது.

அப்படியானால் இடுப்பு போதுமா போதாதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? வலி தானாக எடுக்க வேண்டும். வாய் திறக்க வேண்டும். தலை இறங்க வேண்டும். பக்கத்தில் இருந்து மணிக்கு மணி கவனிக்க வேண்டும். இதைவிட நல்ல அளவுகோல் இன்னும் வரவில்லை.

வெயிலும் வயசும்

உண்மையாகவே இடுப்பு குறுகிப்போவது உண்டு. காரணங்களில் முக்கியமானவை இரண்டு; இரண்டுமே தடுக்கக் கூடியவை.

ஒன்று, எலும்பு மெலிவு. சூரிய வெளிச்சத்தால் உடம்பில் ஊறும் வைட்டமின் டி குறைந்தால் எலும்பு மெதுவாகி, உடம்பின் பாரத்தாலேயே இடுப்பு வளையம் நசுங்கும். காஷ்மீரத்தில் வைத்தியம் பார்த்த காத்லீன் வாகன் என்ற ஆங்கில டாக்டரம்மா 1928-ல் இதைப்பற்றி ஒரு புத்தகமே எழுதினார். வெயில் படாமல் கோஷாவுக்குள் அடைந்திருந்த பெண்களே பிரசவத்தில் அதிகம் துன்பப்பட்டார்கள் என்பது அவர் கண்டது. கோஷா குறைந்துவிட்டது, ஆனால் வீட்டுக்குள்ளும் ஆபீசுக்குள்ளும் அடைந்திருக்கும் பெண்கள் குறையவில்லை. உங்கள் பெண் மொட்டைமாடியில் ஓடி விளையாடினால், “கறுத்துப் போவாய்” என்று உள்ளே அழைக்காதீர்கள். கேழ்வரகும் பாலும் கீரையும் தட்டில் இருக்கட்டும். இந்தச் சேமிப்பு, அவள் பாட்டியாகி வழுக்கி விழும் நாளிலும் உதவும்.

மற்றொன்று, வயசு. ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்தக் கணக்கு இங்கே வருகிறது. பெண் பெரியவளாகி, உயரம் ஏறக்குறைய நின்ற பிறகும் பிரசவப் பாதை இன்னும் சில வருஷங்கள் வளர்கிறது. ஆள் வளர்ந்துவிட்டாள் என்பதால் எலும்பு வளையமும் வளர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வளர்ந்து முடியாத வளையத்தில் குழந்தை சிக்கிக்கொண்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. உயிர் பிழைத்தாலும், சிறுநீர்ப்பை புண்ணாகி ஆயுள் முழுதும் நீர் ஒழுகும் கொடுமை நேர்வதுண்டு. 1929-ல் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்குக் கல்யாண வயசு 14 என்றது; 1978-ல் அது 18 ஆயிற்று. சட்டம் கேட்டது நியாயமான அவகாசம். எலும்பு கேட்பதும் அதைத்தான்.

அண்ணியின் கதை

இதையெல்லாம் அண்ணியிடம் வந்து சொன்னேன். பயம் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், தூக்கம் வந்தது. அவளைப் பார்த்த டாக்டரம்மாவும், “வலி வரட்டும், பார்க்கலாம்” என்றார். பதினாறு மணி நேர வலிக்குப் பிறகு, ‘ஒரு பிடி’ இடுப்பிலிருந்து மூன்று கிலோ பெண் குழந்தை பிறந்தது.

அடுத்த வருஷம் அத்தையின் மகளுக்குப் பிரசவம். அவள் அகன்ற இடுப்புக்காரி. அத்தைக்கு அதில் பெருமை உண்டு. குழந்தை முதுகைப் பார்க்காமல் முன்பக்கமாக முகம் திருப்பிக்கொண்டது. தலை குனியவில்லை, பூஜ்யத்துக்கு வரவே இல்லை. சிசேரியன் செய்தார்கள். அம்மாவும் பிள்ளையும் சௌக்கியம். அந்த ஆபரேஷன் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை அத்தையும் அறிவாள். அதனால் சிசேரியனைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேசவில்லை. தமிழ்நாட்டில் 2019–21-ல் எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 100 பிரசவங்களில் சுமார் 45 சிசேரியன். நாடு முழுவதும் பார்த்தால் சுமார் 22. அத்தனையும் அவசியம்தானா என்பது பெரிய கேள்வி. ஆனால் பயத்தினாலோ, நல்ல நாள் பார்த்தோ நீங்களே கேட்டு வாங்க வேண்டிய பண்டம் அல்ல அது. டாக்டர் வேண்டும் என்று சொல்லும் நேரத்தில் தயங்கித் தள்ளிப்போட வேண்டியதும் அல்ல. “ஏன் டாக்டர்?” என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கேளுங்கள்.

ஆறு மாதம் கழித்து அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அண்ணியின் குழந்தையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். குழந்தை கால்களை அகட்டிக்கொண்டு, சிம்மாசனத்தில் அமர்ந்ததுபோல் உட்கார்ந்தது. அத்தை அதை மேலும் கீழும் பார்த்தாள்.

“இவளுக்கு இடுப்பு நன்றாக இருக்கிறது!” என்றாள்.

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.